ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை

கத்திரி தொடங்கி நாலு நாள் இருக்கும், எங்கள் வீட்டு ஹால் ஏசி சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. ஓடுகிறது, சத்தம் வருகிறது, மீட்டரும் சுற்றுகிறது, ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் ஹாலில் 30 டிகிரி. மெக்கானிக் ஒருவரை வரச் சொன்னோம். இளவயதுக்காரர். வந்தவர் இன்டோர் யூனிட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நேராகப் பால்கனிக்குப் போய், சன்ஷேடில் உட்கார்ந்திருக்கும் அவுட்டோரில் கேஜை மாட்டி ஒரு நிமிஷம் முள்ளைப் பார்த்தார்.

"கேஸ் கம்மியா இருக்கு சார். டாப்-அப் பண்ணணும், ரெண்டாயிரத்து எண்ணூறு ஆகும்."

"போன வருஷம்தானே தம்பி போட்டோம், அது எங்க போச்சு?"

"யூஸ் ஆயிடும் சார்."

யூஸ் ஆகாது. சென்னையில் ஏசி வைத்திருக்கிற பாதிப் பேர் வருஷா வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேஸ் என்று எல்லோரும் சொல்கிற அந்தக் குளிர்ப்பொருள், மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே சுவரில் இருக்கும் யூனிட்டின் காயிலில், அதாவது வளைத்து வளைத்துப் போட்ட குழாயில், திரவமாக நுழைந்து, அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கி இன்னும் சூடாக்கி வெளியே உள்ள காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறிக் காற்றில் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகி, நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒன்றிலோ சின்ன வால்விலோ புகுந்து அழுத்தம் இறங்கி, உள்ளே திரும்புகிறது. மூட்டை தூக்குகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏற்றுகிறார், வெளியே இறக்குகிறார், வெறுங்கையோடு திரும்புகிறார். மூட்டை தூக்கியதில் ஆள் கரைந்துபோவதில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜிலும் இதே சுழற்சிதான். பத்துப் பதினைந்து வருஷம் அது பாட்டுக்கு ஓடுகிறது. கோடை வந்தால் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் போடுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

தீராது, ஆனால் கசியும். ஃப்ரிட்ஜில் எல்லா இணைப்பையும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். ஸ்பிளிட் ஏசியைப் பாதிதான் தொழிற்சாலையில் செய்கிறார்கள், மீதியை உங்கள் வீட்டுச் சுவரில் செய்கிறார்கள். செம்புக் குழாயை வெட்டி, அதன் வாயை நாகஸ்வரத்தின் அணசு மாதிரி விரித்து, நட்டுப் போட்டு இறுக்கிச் சேர்க்கிறார்கள். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு, மொத்தம் நான்கு இணைப்பு. விரித்த வாயில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும், நட்டு கொஞ்சம் லூசாக இருந்தாலும், அளவுக்கு மீறி இறுக்கி விளிம்பு வெடித்திருந்தாலும் அங்கே மெல்லக் கசியும். இவ்வளவு இறுக்கினால் போதும் என்று காட்டுகிற டார்க் ஸ்பானர் என்று ஒன்று இருக்கிறது, இன்ஸ்டால் பண்ண வந்த யார் கையிலும் நான் பார்த்ததில்லை. அதனால் கேஸ் குறைவது நிஜமாகவே நடக்கும். ஆனால் அப்படிக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அப்போ அந்தத் தம்பி பொய் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. முள் கீழேதான் இருந்தது, நானும் பார்த்தேன். கேஜ் காட்டுவது அழுத்தத்தை, கேஸின் அளவை அல்ல, அங்கேதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. சமையலறை சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோவும் நிறைந்திருக்கும்போதும் தீ அதேதான், ரெண்டு கிலோ மிச்சம் இருக்கும்போதும் தீ அதேதான். உள்ளே துளி திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான். தீர்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா தீயைப் பார்ப்பதில்லை, சிலிண்டரைச் சாய்த்துத் தூக்கிப் பார்க்கிறாள். ஏசியை நிறுத்திவைத்துக் கேஜ் மாட்டினாலும் கதை அதேதான், அது அன்றைய வெயிலைத்தான் சொல்லும்.

ஓடும்போது கேஜ் சொல்வது உள்ளே இருக்கும் காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. இப்போது பெரும்பாலான புது ஏசிகளில் வருகிற ஆர்-32 என்ற கேஸில், காயில் 5 டிகிரியில் இருந்தால் முள் சுமார் 120 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். காயில் உறைநிலைக்கு இறங்கிவிட்டால் 100 பக்கம் வந்துவிடும். இப்போது யோசியுங்கள், காயில் எதற்காக அளவுக்கு மீறிக் குளிரும்? கேஸ் குறைந்தாலும் அழுத்தம் இறங்கும். ஃபில்டரிலும், காற்றை வெளியே வீசும் ப்ளோயர் விசிறியிலும் அழுக்கு அடைத்து, காயிலுக்கு அறைக் காற்று போதுமான அளவு வராமல் போனாலும், வாங்குவதற்குச் சூடு இல்லாமல் காயில் உறைநிலையை நோக்கி இறங்கும், அழுத்தமும் கூடவே இறங்கும். முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். அழுக்கு ஏசியில் கேஜ் மாட்டி 'கேஸ் கம்மி' என்று முடிவு செய்து இன்னும் 200 கிராம் ஏற்றிவிட்டால், அப்போதைக்கு முள் ஏறும், அவர் காட்டுவார், நாமும் தலையாட்டுவோம். பிற்பாடு யாராவது அந்த ஏசியை ஒழுங்காகக் கழுவினால் உள்ளே கேஸ் அதிகம், வெளியே அழுத்தம் அதிகம், கம்ப்ரஸருக்குச் சுமை அதிகம், கரண்ட் பில்லும் அதற்கேற்றபடி.

எனவே முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் அளக்க வேண்டும். அன்றைக்கு நான் அவரிடம் கேட்டது அதைத்தான். "முதல்ல வாட்டர் சர்வீஸ் பண்ணிடுங்க தம்பி, அதுக்கப்புறமும் கம்மியா இருந்தா கேஸ் போட்டுக்கலாம்." முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் செய்தார்.

ஃபில்டரை நாங்கள் மாதாமாதம் கழுவுகிறோம், அது சுத்தமாகத்தான் இருந்தது. முன் மூடியைக் கழற்றி, சுற்றிலும் பாலிதீன் பை கட்டி, டார்ச் அடித்துக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்று வெளியே வரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு உருளை விசிறி இருக்கும், கரும்புச் சாறு மெஷினின் உருளை அளவு, அதைச் சுற்றிலும் வளைந்த சின்னச் சின்ன இலைகள். அந்த இலைகளின் குழிவில்தான் காற்று சிக்கி வெளியே வீசப்படுகிறது. எங்கள் ப்ளோயரில் குழிவே இல்லை. ஒவ்வொரு இலைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில், ஈரப் பஞ்சு மாதிரி, ஒரு அழுக்கு மெத்தை. பழைய பல் பிரஷ்ஷால் ஒரு இலையைச் சுரண்டியதும் வெற்றிலை அகலத்துக்கு ஒரு துண்டு உரிந்து பைக்குள் விழுந்தது. இரண்டு பக்கெட் தண்ணீர், ஜெட் பம்பில் முக்கால் மணி நேரம், வழிந்தது முழுக்கக் காப்பி டிகாக்‌ஷன் நிறம். மறுபடி கேஜை மாட்டினார். 118. கேஸ் ஒரு கிராம்கூடப் போடவில்லை.

இதைக் கேஜ் இல்லாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம், கை போதும். வருகிற காற்று ஜில்லென்று இருக்கிறது ஆனால் கொஞ்சமாக வருகிறது என்றால், காற்றுப் பாதையில் அடைப்பு. காற்று நன்றாக வீசுகிறது ஆனால் ஜில்லென்று இல்லை என்றால், கேஸ், கம்ப்ரஸர், இல்லாவிட்டால் வெளி யூனிட், இந்த மூன்றில் ஒன்று. ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மேலே உள்ளே போகும் காற்றுக்கும் கீழே வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர் புழுக்கத்தில் வித்தியாசம் கொஞ்சம் குறைவாகவே தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். அவுட்டோரில் வந்து சேரும் இரண்டு குழாயில் மெல்லிய குழாய் மட்டும் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தால் கேஸ் குறைந்ததற்கான நல்ல அடையாளம். உள்ளே காயில் முழுக்கப் பனி மூடி, தடித்த குழாய்வரை பனி வந்திருந்தால் பெரும்பாலும் காற்று போதவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஏசியை நிறுத்தி, ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பனியை உருக்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

கழுவுவதிலும் ஒரு எச்சரிக்கை. காயிலின் அலுமினிய மடிப்புகள் காகிதம் மாதிரி மெல்லியவை, ஜெட்டை நேராக முகத்தில் அடித்தால் மடங்கிப் படிந்துவிடும், அப்புறம் காற்று போகவே வழியில்லை. 'கெமிக்கல் வாஷ்' என்று கூடுதல் காசுக்கு அடிக்கிற திரவங்களில் சில அமிலம், சில காரம். பளபளப்பாகும், ஆனால் மடிப்பையும் தின்னும், சரியாகக் கழுவி எடுக்காவிட்டால் தின்றுகொண்டே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத படுக்கையறை ஏசிக்கு வெறும் தண்ணீரே போதும் என்பது என் கட்சி. எலக்ட்ரானிக் போர்டு பெரும்பாலும் இன்டோரின் வலது ஓரத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கம் தண்ணீர் போகாமல் மூடியிருக்கிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். மெயினை ஆஃப் செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, தண்ணீர் என்றதும் டிரெயின் பைப் ஞாபகம் வருகிறது. ஏசி என்றால் குளிர் என்று நினைக்கிறோம். ஆனால் வில்லிஸ் கேரியர் 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக முதல் இயந்திரத்தை வடிவமைத்தது, ஈரத்தில் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகிப்போனதைச் சரிசெய்யத்தான். காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவது அன்று முதலே ஏசியின் பாதி வேலை. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீரைச் சாதாரணமாக வடித்துவிடும். அந்தத் தண்ணீர் விழும் தட்டில் தூசியும் சேர்ந்து கொழகொழவென்று பாசி பிடிக்கும், பைப்பின் வாயை அடைக்கும், அப்புறம் சுவர் வழியாக டிவி மேல் சொட்டும். பைப் வழிநெடுகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், நடுவில் தொங்கி மேலே ஏறக் கூடாது, நுனி பக்கெட்டில் முங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். இதற்குக்கூட 'கேஸ் அதிகமா இருக்கு, அதான் சொட்டுது' என்று விளக்கம் கேட்டவன் நான்.

டன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏசியின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டன் ஐஸ், 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன். அமெரிக்க டன், 907 கிலோ. ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் சுமார் 450 கிலோ ஐஸை அறைக்குள் வைத்து உருக்கியதற்குச் சமம். சென்னைக்காரர்களுக்கு இது புதுக் கணக்கில்லை. இப்போது விவேகானந்தர் இல்லம் என்று இருக்கிற திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ், 1840-களில் ஃப்ரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்துவைத்த கட்டடம்தான். அப்போதும் ஐஸை எடைபோட்டுத்தான் விற்றார்கள்.

உள்ளே வாங்கிய சூட்டை வெளியே இறக்கிவைக்க இடம் வேண்டும். அவுட்டோர் யூனிட் பின்பக்கத்தில் காற்றை இழுத்து முன்பக்கம் ஊதுகிறது. புது அடுக்குமாடிகளில் அழகு கெடக் கூடாது என்று இதை ஒரு இடுக்கான டக்டில் வைத்து, முன்னால் தட்டி போட்டு மறைக்கிறார்கள். கீழ்வீட்டு அவுட்டோர் ஊதிய சூடு மேல்வீட்டு அவுட்டோருக்குள் போகிறது. வெளியே 38 டிகிரி என்றால் அந்தப் பொந்துக்குள் இன்னும் எவ்வளவோ அதிகம். கம்ப்ரஸர் மூச்சுத் திணறி, கடைசியில் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் குளிராத ஏசி, காலையில் நன்றாகக் குளிர்கிறது என்றால், கேஸைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அவுட்டோரின் முதுகைப் பாருங்கள். புறா இறகு, துணி காயப்போட்ட பஞ்சு, சிமென்ட் தூசி எல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும். பால்கனிக் குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி, மெயினை ஆஃப் செய்துவிட்டுக் காயிலைக் கழுவினாலே பாதி உயிர் திரும்பிவிடும். எட்டாத சன்ஷேடில் இருந்தால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள், அவரையும் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய, இன்வர்ட்டர் இல்லாத, அதாவது கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும் ஏசியில் இன்னொரு வழக்கம் உண்டு. அவுட்டோர் விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டுச் சில விநாடியில் நின்றுபோகிறது. 'கம்ப்ரஸர் போச்சு சார்' என்று சொல்வார்கள். பல நேரம் போனது, கம்ப்ரஸர் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர், சில நூறு ரூபாய் சாமான். கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம், கரண்டை நிறுத்தின பிறகும் அது ஷாக் அடிக்கும். ஆனால் 'கெப்பாசிட்டரை மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?' என்று கேட்கலாம், கேள்விக்குக் காசில்லை. இன்வர்ட்டர் ஏசியில் இந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு அவுட்டோருக்குள் பிசிபி என்ற பெரிய எலக்ட்ரானிக் போர்டு ஒன்று இருக்கிறது, அதன் கதகதப்பைத் தேடி வரும் பல்லியும் எறும்பும் இருக்கின்றன.

இனி நிஜமாகக் கேஸ் போன கதை. எங்கள் படுக்கையறை ஏசி. கழுவிய பிறகும் காற்று நிறைய, ஜில் இல்லை, மெல்லிய குழாயில் பனி. சைதாப்பேட்டையிலிருந்து வருகிற வயசான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டேன். அவர் கேஜை வெளியே எடுக்கவே இல்லை, முதலில் நாலு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். இன்டோருக்குப் பின்னால் ஒரு நட்டைத் தொட்ட விரலை என்னிடம் காட்டினார், எண்ணெய். கேஸோடு கூடவே கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றுகிறது, கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெய் மிச்சம் நிற்கும். சோப்பு நுரை தடவினார். ஒரு ஓரத்தில் கடுகு அளவு குமிழி, மெதுவாகப் பெருத்து உடைந்தது, மறுபடி ஒன்று.

இணைப்பில் கசிந்தால் அதிர்ஷ்டம், வெட்டிப் புதுசாக விரித்துப் போட்டால் முடிந்தது. காயிலிலேயே ஓட்டை விழுந்தால்தான் தலைவலி. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை ஓரங்களில் உப்புக் காற்று அவுட்டோரின் அலுமினியத்தை மாவாக உதிர்த்துவிடுகிறது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். உள்ளே இருக்கும் செம்புக் காயிலுக்கு வேறு வியாதி. பிளைவுட், பசை, பெயின்ட் இவற்றிலிருந்து வரும் ஃபார்மிக், அசெட்டிக் அமில ஆவிகள் காயிலின் ஈரத்தில் கரைந்து, செம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கிளைகிளையான துளைகளை அரிக்கின்றன. வெட்டிப் பார்த்தால் எறும்புப் புற்றின் குறுக்குவெட்டு மாதிரி இருக்குமாம், அதன் பெயரே அதுதான், எறும்புப் புற்று அரிப்பு. புதுசாக இன்டீரியர் செய்த வீட்டில் ஒன்றிரண்டு வருஷத்தில் காயில் ஓட்டையாகிறது என்றால் ஏசிக் கம்பெனியைத் திட்டுவதோடு வார்ட்ரோபையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஓட்டையை அடைத்த பிறகு அண்ணன் செய்ததைத்தான் எல்லோரிடமும் கேட்டு வாங்க வேண்டும். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார். அப்புறம் வாக்யூம் பம்பை மாட்டி, 25 நிமிஷம் ஓடவிட்டு டீ குடித்தார். குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருந்தால் எண்ணெய் கெட்டுப்போய் அமிலமாகும், கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். பம்ப் ஓடும் அந்த நேரம்தான் அதை வெளியேற்றுகிறது. அவசரக்காரர்கள் இதை விட்டுவிட்டு, கொஞ்சம் கேஸை ஊதிக் காற்றை வெளியே தள்ளி 'ஃப்ளஷ் பண்ணியாச்சு' என்பார்கள், அதில் ஈரம் போகாது. கடைசியாகச் சிலிண்டரை ஒரு எடைத் தராசில் வைத்தார், மளிகைக் கடையில் இருக்கிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு. அவுட்டோரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார், ஆர்-32, 780 கிராம். தராசில் 780 குறைந்ததும் வால்வை மூடினார். முள்ளைப் பார்க்கவே இல்லை.

இன்வர்ட்டர் ஏசியில் முள்ளை நம்பவே முடியாது என்பது அவர் சொன்னது, சரியும்கூட. கம்ப்ரஸரின் வேகம் தேவைக்கேற்ப ஏறி இறங்கும்போது அழுத்தமும் ஏறி இறங்குகிறது. அரை வேகத்தில் ஒரு எண், முழு வேகத்தில் வேறு எண். டெஸ்ட் மோடில் போட்டுக் கம்ப்ரஸரை ஒரே வேகத்தில் ஓடவைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கேஸுக்குக் கேஸ் கணக்கும் வேறு. பழைய ஆர்-22 ஏசியில் 70 பிஎஸ்ஐ சரியான எண், அதே எண்ணை ஆர்-32 ஏசியில் பார்த்தால் ஆபத்து. ஒன்றில் இன்னொன்றைக் கலந்து ஊற்றுவது மகா தப்பு, எண்ணெயும் பொருந்தாது, அழுத்தமும் பொருந்தாது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, ஆர்-290 என்பது வெறும் புரொப்பேன், நம் சமையல் கேஸின் சொந்தக்காரன். இவை இருக்கும் குழாயில் உள்ளே கேஸை வைத்துக்கொண்டே பற்றவைக்க யாரையும் விடாதீர்கள். அப்புறம், ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவதில் பர்ஸ் மட்டும் கரைவதில்லை. ஆர்-410ஏ என்ற இன்னொரு ஏசி கேஸ் ஒரு கிலோ காற்றில் போனால், பூமியைச் சூடாக்குவதில் அது இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்குதான். இதையெல்லாம் குறைக்கத்தான் 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் உடன்பாடு போட்டார்கள், இந்தியாவும் அதில் இருக்கிறது.

மெக்கானிக் தொடாத பாதி, ரிமோட்டில் இருக்கிறது. வெயிலில் வந்ததும் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. அறை 34 டிகிரியில் இருக்கும்போது 24 வைத்தாலும் ஏசி முழு வேகத்தில்தான் ஓடும், 16 வைத்தாலும் அதே முழு வேகம்தான். வித்தியாசம், 24-ல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 16-ல் விடிய விடிய ஓடும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமான பீஈஈ சொல்லும் கணக்கு, 2020 ஜனவரி முதல் ஸ்டார் ரேட்டிங் ஏசிகள் 24-லேயே தொடங்க வேண்டும் என்ற விதியும் அதனால்தான். நம் ஊர் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் முகமே மாறிவிடும் என்பதால், இந்த 6 சதவீதம் சில வீடுகளில் 6 சதவீதத்தோடு நிற்காது.

மழைக்காலத்தில் வெப்பம் பெரிதாக இல்லை, ஆனால் பிசுபிசு என்றால் ட்ரை மோட். விசிறி மெதுவாகச் சுற்றும், காயிலில் காற்று நின்று நிதானமாக ஈரத்தை இறக்கும். நேரெதிராக, எப்போதும் விசிறியைக் குறைந்த வேகத்திலேயே வைத்திருந்தால் காயில் ஈரத்திலேயே ஊறி, ஏசியைப் போட்டதும் அழுக்கு சாக்ஸ் நாற்றம் வரும். அணைப்பதற்கு முன் பத்து நிமிஷம் ஃபேன் மோடில் விட்டால் உள்ளே காய்ந்துவிடும், சில மாடல்கள் இதைத் தானாகவே செய்கின்றன, ஆஃப் செய்த பிறகும் ஓடுகிறதே என்று மெயினை அணைத்துவிடாதீர்கள். இன்னொன்று, அறை வெப்பத்தை அளக்கும் சென்சார் இன்டோருக்குள்ளேதான் இருக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழ்வீட்டில் தளத்திலிருந்து இறங்கும் சூட்டை அதுதான் முதலில் வாங்கும். கட்டிலில் நீங்கள் நடுங்குவீர்கள், அது 27 என்று நினைத்து ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூட்டி வைத்துப் பழகிக்கொள்வதுதான் வழி.

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே ஒரு நான்கு வழி வால்வு, கேஸ் போகும் திசையைத் திருப்பிவிடும். வெளிக் குளிரிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே இறக்கும். உறைபனி இரவில் அவுட்டோர் காயிலில் பனி படியும், அதை உருக்க ஏசி சில நிமிஷம் சூடு ஊதுவதை நிறுத்திவிட்டு வெளியே ஆவி பறக்க நிற்கும். ரிப்பேர் என்று நினைத்து அப்போது ஆள் கூப்பிட்டால், வருகிறவர் எதைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. மே மாதத்தில் ஒரு நாளைக்கு எட்டு வீடு, பத்து வீடு. ஒழுங்காக ஒரு ஏசியைக் கழுவ ஒரு மணி நேரம் ஆகும், அதற்குச் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும். கேஸ் டாப்-அப் இருபது நிமிஷ வேலை, இரண்டாயிரத்துக்கு மேல். வெந்து தணியாத சன்ஷேடில் தொங்கிக்கொண்டு அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதனால் நான் இப்போதெல்லாம் மாசியிலேயே சர்வீஸை முடித்துவிடுகிறேன், அப்போது அவர்களுக்கும் நேரம் இருக்கிறது. வீடு மாறும்போது கழற்ற வருகிறவரிடம் 'பம்ப் டவுன் பண்ணிக் கேஸை அவுட்டோர்ல பிடிச்சுக்கோங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புஸ் என்று திறந்துவிட்டுப் புது வீட்டில் புதுக் கேஸுக்குப் பில் போடுவார்கள். கேஸ் போடத்தான் வேண்டும் என்றால், 'எத்தனை கிராம் போட்டீங்கன்னு பில்லில் எழுதிக் கொடுங்க' என்று போனிலேயே கேட்கிறேன். முதல் தடவை அப்படிக் கேட்டபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கிராமா சார்?" என்றார்.